பட்டா, டைட்டானியமா?

அது என்ன பாட்டு என்பது இப்போது மறந்துவிட்டது. பாடியவர் 'ச' என்று உச்சரித்த ஒவ்வொரு முறையும் என் காதுக்குள் ஓர் ஊசி இறங்கியது மட்டும் மறக்கவில்லை.

புக்கிட் புத்துஸ் மலைப்பாதை. சிரம்பானிலிருந்து கோலா பிலாவுக்கு அப்போது அந்த ஒரு சாலைதான் எங்களுக்குத் தெரியும். வளைவு, அதன் பின்னால் இன்னொரு வளைவு. மத்தியான வெயில். எனக்கு வயிறு வெளியே தெரியத் தொடங்கியிருந்த சமயம். புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க."

பதில் இல்லை.

"ஏங்க!"

"என்னா முணுமுணுக்கிற? வாயத் தொறந்து பேசு லா."

வாயைத் திறந்துதான் பேசியிருந்தேன். அடுத்த வளைவில் பாடகர் மறுபடியும் ஒரு 'ச'வை இழுத்தார். முன்கண்ணாடியில் பட்டு அது நேராக என் நெற்றிக்கு வந்தது.

"காடிய நிறுத்துங்க!" என்று அலறினேன்.

நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மலையேறி நடக்க ஆரம்பித்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு ட்வீட்டருக்காகப் புருஷனை விட்டு இறங்கி நடந்த பொம்பளை நெகிரி செம்பிலானில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காசு அளவு ஒரு ஸ்பீக்கர்

ட்வீட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை.

காரில் பாட்டுக் கேட்க ஒரே ஸ்பீக்கர் போதாது. பெரியது மேளத்தைப் பார்த்துக்கொள்ளும். ஜால்ரா, சலங்கை, பேச்சில் வரும் 'ச', 'ஸ்' போன்ற மெல்லிய ஒலிகளை அதனால் சரியாகச் சொல்ல முடியாது. அதற்கென்று காசு அளவில் ஒரு குட்டி ஸ்பீக்கரை முகப்புப் பலகையின் இரண்டு மூலையிலும் ஒட்டுவார்கள். அதுதான் ட்வீட்டர். அதன் நடுவில் சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். குமிழை எதில் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் சத்தத்தின் குணம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் செனவாங் பக்கம் ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலையில் அந்தக் குமிழ்களோடுதான் குடித்தனம் நடத்தினேன். விடியும் முன்பே தோட்டத்து வாசலுக்கு வரும் தொழிற்சாலை பஸ்ஸைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த பஸ் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடம் அது. குமிழின் விளிம்பில் பசை தடவி, கம்பிச் சுருளை ஒட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்து அடுத்த மேசைக்குத் தள்ளவேண்டும்.

காகிதக் குமிழ் புதிதில் நன்றாகத்தான் பாடும். நம் ஊர் ஈரத்துக்கும், வெயிலில் நிறுத்திய காரின் வேக்காட்டுக்கும் அது தாங்காது. கொஞ்ச காலத்தில் தொண்டை கட்டியவன் மாதிரி ஆகிவிடும்.

பட்டுக் குமிழ் நிஜமாகவே துணி. காற்று புகாமல் ஒரு பிசின் பூசியிருப்பார்கள். தவறி விரல் பட்டுக் குழி விழுந்தால் ஒட்டுநாடாவை வைத்து மெல்ல இழுத்து எடுத்துவிடலாம். அதன் சத்தமும் அப்படித்தான். யாரையும் குத்தாமல் வரும், அடங்கிப் போகும். என் பக்கத்து மேசை மேரி சொல்வாள்: "நமக்குக் கட்டிக்கப் பட்டு இல்ல, ஸ்பீக்கருக்குக் கட்டி அழகு பாக்கிறோம்!"

டைட்டானியம் வேறு சாதி. மெல்லிய உலோகத் தகடு. வளையாது. பாட்டில் இருக்கும் ஒவ்வொரு துணுக்கையும் துல்லியமாக எடுத்து வைக்கும். விசாலமான அறையில், அளவான சத்தத்தில் கேட்டால் அழகுதான். ஆனால் அதற்குள் ஒரு கணகணப்பு உண்டு. காரிலோ நான்கு பக்கமும் கண்ணாடி. சத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்தக் கணகணப்பு கண்ணாடிக்குக் கண்ணாடி எகிறி, கடைசியில் முகத்தில் வந்து அடிக்கும்.

என் வீட்டுக்காரர் வாங்கி மாட்டியது டைட்டானியம்.

ஆறுமுகம்

அவர் பெயர் ஆறுமுகம். கோலா பிலா பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்குச் சொந்தமான ரப்பர் ஆலையில் ரோலர் வேலை. உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பாலை இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு, தண்ணீரைப் பீச்சிப் பீச்சி, முரட்டுக் கம்பளம் மாதிரி நசுக்கி எடுக்கவேண்டும். மீசை முளைக்கும் முன்பே அந்த உருளைகளுக்கு முன்னால் போய் நின்றவர்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் சோறு கொண்டுபோனேன். ஆலை வாசலைத் தாண்ட முடியவில்லை. சத்தம் ஒரு சுவர் மாதிரி நெஞ்சில் முட்டியது. உள்ளே ஆட்கள் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார், கோயில் மண்டபத்திலிருந்து வருகிறவர் மாதிரி.

எங்கள் இரண்டு பேருக்குமே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எனக்கு எப்போதும் எங்காவது கிளம்பவேண்டும். வரிசையாய்க் கட்டிய லயத்து வீட்டின் ஒற்றைச் சன்னலில் நின்று செம்மண் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவருக்குச் சத்தத்தில் ஒரு அரிப்பு. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போகும்போது விட்டுச்சென்ற பச்சை நிற ஜப்பான் கார் எங்களுக்கு வந்தது. அன்றிலிருந்து அதன் ஸ்பீக்கரை மாற்றாத மாதம் இல்லை.

முதலில் காகிதம். "மந்தமா இருக்கு."

பிறகு ஏதோ ஓர் அலுமினியம். "இன்னும் ஷார்ப்பு பத்தல."

சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் கார் ஒலிக்கருவி பொருத்தும் கடை வைத்திருந்த ஆ கியோங் இவரைக் கண்டாலே சிரிப்பார். தோட்டத்து ஓரத்தில் வளர்ந்த சீனர், எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். "ஆறு, ஒன் காதுக்கு நான் எங்க போயி ட்வீட்டர் தேடுறது?"

ஆண்டு முடிவில் எங்கள் தொழிற்சாலையில் ஆளுக்கொரு ஜோடி பட்டு ட்வீட்டர் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாட்டிப் பார்த்தார். ஒரு பொழுதுகூட ஓடவில்லை.

"போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு, லெட்சு. இதுக்கா நீ காலையில இருட்டோட எழும்பிப் போற?"

கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேசினாலும் சண்டைதான். சீனி வாங்கி வரச் சொன்னால் மீன் வாங்கி வருவார். சட்டியை எடுக்கச் சொன்னால் எதைக் கட்டவேண்டும் என்று கேட்பார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் நினைத்தேன். நான் வேண்டுமென்றே வாய்க்குள் பேசுகிறேன் என்று அவர் நினைத்தார். "உங்கூட்டுல யாருமே வாயத் தொறந்து பேசமாட்டீங்களா?" என்று கேட்டபோது என் அப்பா வரைக்கும் அந்தச் சண்டை போயிற்று.

அந்தச் சனிக்கிழமை ஆ கியோங் கடையில் டைட்டானியத்தை மாட்டி, மெல்லிய ஒலியைக் கூட்டும் பொத்தானைக் கடைசிவரை திருகி, "இப்பதான் கொஞ்சம் உசுரு வந்திருக்கு" என்று சந்தோஷமாக வண்டியைக் கிளப்பினார். அந்த உயிர்தான் என்னை மலைப்பாதையில் இறக்கி நடக்கவிட்டது.

சாலையோரம்

நான் வேகமாக நடந்தேன். அவர் காரை ஓரம் கட்டி, இஞ்சினையும் பாட்டையும் நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"பைத்தியமா ஒனக்கு? வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு நடுரோட்டுல..."

"எனக்குத் தல வெடிக்குது. கொஞ்ச நேரம் நிக்கிறேன், விடுங்க."

இரண்டு பேரும் ஒரு பாறை நிழலில் நின்றோம். காடு இரண்டு பக்கமும் கிடுகிடுவென ஏறி நின்றது. அந்த நேரத்துக்குச் சில்வண்டுகள் கூட்டம் கூட்டமாகக் கத்த ஆரம்பித்திருந்தன. அறுவை ஆலையில் பலகை அறுக்கிற மாதிரி ஓயாத இரைச்சல். தப்பித்து இறங்கி வந்தால் இங்கேயும் இதுவா என்று எனக்கு அழுகை வந்தது.

"இந்தச் சில்வண்டு வேற," என்றேன், அவர் முகத்தைப் பார்த்து.

"எந்த வண்டு?"

"அதான், காடு பூரா கத்துதே."

அவர் மேலே பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். "ஒன்னுமே கத்தலையே. இஞ்சின நிறுத்தினதும் எவ்ளோ அமைதியா இருக்கு பாரு. கொஞ்சம் நின்னா ஒனக்கும் சரியாப் போயிரும்."

கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குளிர்ந்த காற்றை இழுத்துவிட்டு, அந்த அமைதியை அவர் உண்மையாகவே அனுபவித்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலைச் சோதனை அறையில் ஒரு கருவி உண்டு. சீட்டி மாதிரி ஒரு சத்தம் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். வயதான மேற்பார்வையாளர்களுக்கு ஒரு கட்டத்தில் நின்றுபோகும். எங்களைப் போன்ற இளசுகளுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும். இவருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

காரில் ஏறினேன். கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் பாட்டைப் போட்டார். வீடு போகும்வரை அந்த ஊசிகளைத் தாங்கிக்கொண்டு, முகப்பின் மூலையில் மினுங்கிய குமிழைப் பார்த்தபடி வந்தேன். அதன் மேல் கோபமே வரவில்லை.

சுவரைப் பார்த்து நின்றவர்

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சில நாள் அலைந்தேன். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கடைசியில் ஒரு மாலை போட்டு உடைத்தேன்.

"என்னையச் செவிடன்னு சொல்றியா?"

"செவிடுன்னு சொல்லல. மெல்லிசான சத்தம் மட்டும்..."

"நீ பேசறது எனக்குக் கேக்குதுல்ல? அப்புறம் என்னா?"

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். சாப்பிடவில்லை. மறுநாளும் முகம் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு காலை, நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது அடுப்படிக்கு வந்தார். எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்.

"எதையாச்சும் சொல்லு. திரும்பாம அதையே திருப்பிச் சொல்றேன்."

"வேணாங்க."

"சொல்லுன்னா சொல்லு."

"அம்மா."

"அம்மா."

"ஊசி."

கொஞ்சம் தயங்கினார். "ஊரு."

"காசு."

"காது."

"சாமி."

அவர் பேசவில்லை. அரிவாள்மனையைக் கீழே வைத்தேன்.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு," என்றார், சுவரைப் பார்த்தபடியே.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டரம்மா காதில் கருவியை மாட்டிச் சோதித்தார். நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆலைச் சத்தம். போனது போனதுதான், மருந்து கிடையாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள். காரில் பாட்டை இப்படி அலறவிட்டால் இருப்பதும் போகும்.

இவர் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறக்கப்போகிற பிள்ளை அழுதால் எனக்குக் கேட்குமா?

அழுவது கேட்கும் என்றார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, பேச ஆரம்பிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாயைப் பாருங்கள் என்றும் சொன்னார்.

ஆ கியோங் கடையில்

நான் எதிர்பார்க்காத ஒன்றை என் வீட்டுக்காரர் செய்தார். கூட வேலை செய்த காளியப்பனையும் வீரையாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பாங்கானுக்கு வரச் சொன்னார். காளியப்பன் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், ரோலரில் நரைத்தவர். மனைவி பாப்பாத்தியை மோட்டாரில் வைத்துக்கொண்டு வந்தார். வீரையா எங்கள் காரில் வந்தார். எதற்கு என்று இவர் யாருக்கும் சொல்லவில்லை. "புது ஸ்பீக்கர் வந்திருக்கு, கேட்டுச் சொல்லுங்க" என்றுதான் சொல்லியிருந்தார்.

ஆ கியோங்கிடம் தனியாக ஏதோ பேசினார். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார். பெரிய ஸ்பீக்கர்களின் கம்பிகளைக் கழற்றிவிட்டு டைட்டானிய ட்வீட்டர்களை மட்டும் விட்டுவைத்தார். ஒலிநாடாவைப் போட்டார்.

மேளமும் இல்லாமல் குரலின் அடித்தளமும் இல்லாமல் வெறும் சீறலும் ஜால்ராவும் கிளம்பியது. பாப்பாத்தி அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, தகரத்த ஆணியால கீறுற மாதிரி இருக்கே!"

வீரையா கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு கேட்டார்: "இன்னும் போடலையா?"

ஆ கியோங் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கம்பியை மாற்றி, நாங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த பட்டு ட்வீட்டர்களைப் பாடவிட்டார்.

"இது பரவால்ல, காதக் கிழிக்கல," என்றார் பாப்பாத்தி அக்கா.

"எது?" என்றார் காளியப்பன். குனிந்து காதை ட்வீட்டர் அருகே கொண்டுபோனார். "எங்கயோ எறும்பு ஊர்ற மாதிரி என்னமோ... ஏ ஆறுமுகம், இந்தக் கடக்காரன் நம்மள வச்சி வெளையாடுறான் லா!" என்று சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. பாப்பாத்தி அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"ஏங்க, நெசமாவே கேக்கலையா? பாடிக்கிட்டே இருக்குங்க."

காளியப்பனின் சிரிப்பு மெல்ல நின்றது. என் வீட்டுக்காரர் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். தன் காது, ஆலை, போனது திரும்பாது என்பது எல்லாம். சொல்லும்போது அவர் குரல் உயரவே இல்லை.

வீரையா கடையின் முன்னால் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே சொன்னார்: "எம் பொண்ணு பேசறது எனக்குப் புரியறதில்ல. ஸ்கூலுக்குப் போனதுலேர்ந்து மலாயக் கலந்து என்னமோ பேசறான்னு நெனச்சேன். ஒழுங்காப் பேசுன்னு அடிச்சிருக்கேன்."

ஆ கியோங் போய் எல்லோருக்கும் கோப்பி வாங்கி வந்தார்.

மறுநாள் மூன்று பேரும் சேர்ந்து தோட்டத்து ஆபீசுக்குப் போனார்கள். ஆலையில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், "பாட்டுக் கேக்க முடியலன்னு கம்ப்ளேனா?" என்று நக்கலடித்தாராம். துரை கேட்டுக்கொண்டார், பார்க்கலாம் என்றார். காது மூடிகள் வந்து சேர மாதக்கணக்கானது. வந்த பிறகும் காளியப்பன் அதைக் கழுத்தில்தான் மாட்டிக்கொண்டார். அதைப் போட்டால் உருளை எப்போது கட்டியை விழுங்கியது என்று தெரியவில்லையாம். வீரையா ஒழுங்காகப் போட்டார். என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் நாற்றங்காலுக்கு மாற்றல் வாங்கினார். அங்கே தண்ணீர்க் குழாயின் சத்தம் மட்டும்தான். முதல் சில வாரம் அந்த அமைதியில் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த ஞாயிறு மத்தியானம் கோப்பி குடித்து முடித்ததும், ஆ கியோங் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆறு, எத மாட்டட்டும்?"

"பட்டு."

"ஒனக்கு ஒன்னும் கேக்காதே?"

"இனிமே எனக்கு எது போட்டாலும் பாதிதான். இவளுக்கு முழுசாக் கேக்குமுல்ல."

எனக்கு மனசு கேட்கவில்லை. டைட்டானியத்தைக் கடைசிவரை கூட்டி வைத்தபோது, அந்த ஓரத்திலிருந்து ஏதோ கொஞ்சம் அவருக்கு எட்டியிருக்கிறது. அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இத்தனை காலம் கடை கடையாக அலைந்திருக்கிறார். "உங்களுக்குப் புடிச்சதையே போடுங்க, நான் பஞ்சு வச்சிக்கிறேன்" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றார். "பட்டு மாட்டு, கியோங்."

வீரையா பாசாருக்குப் போகவேண்டும் என்று டவுனிலேயே இறங்கிக்கொண்டார். காளியப்பனின் மோட்டார் முன்னால் போய் மறைந்தது. நாங்கள் இருவர் மட்டும். பாட்டு மெதுவாக, உறுத்தாமல் ஓடியது. வழியில் பாரோய் தாண்டியதும் கையை நீட்டிப் பாட்டை நிறுத்திவிட்டார்.

"ஏங்க?"

"நீ பேசு. பாட்ட அப்புறம் கேட்டுக்கலாம்."

இத்தனை நாள் சொல்லவேண்டும், கேட்கவேண்டும் என்று நெஞ்சில் எவ்வளவோ அடைத்து வைத்திருந்தேன். பேசு என்றதும் ஒன்றும் வரவில்லை. மேரிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் சாலையை விட்டுத் திரும்பி என் உதட்டைப் பார்த்தார்.

"ரோட்டப் பாருங்க!" என்று கத்தினேன்.

அது மட்டும் அவருக்கு முதல் தடவையே கேட்டது.